பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் பிள்ளைகள் வருமுன்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் 26 வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். கல்யாணம், படைப்பு, அறுபதாங்கல்யாணம் என்று ஏதாவது வந்தால்தான் இங்கே பாதி வீடுகள் திறக்கும். ஒரு வாரம் முன்னால் ஆச்சி போன் போடுவார். "தம்பி, சிங்கப்பூர்லேருந்து பேத்தி வாரா. ஃபேனு, லைட்டு, மோட்டாரு எல்லாம் ஓடுதான்னு பாத்துக் குடுத்துருங்க." ஓடுகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தவழ்கிற பிள்ளை வருகிறதே, கை வைத்தால் என்ன ஆகும் என்று இதுவரை மூன்று பேர்கூடக் கேட்டதில்லை.

சில வருடங்களுக்கு முன்பு கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு வீட்டில் நடந்தது இது. வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தண்ணீர் விட்டுத் துடைத்து, ஆத்தங்குடிக் கல் ஈரமாக இருந்தது. டேபிள் ஃபேனுக்காகத் தரையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை தலையிலிருந்த கிளிப்பை உருவி அதன் ஓட்டையில் செருகிவிட்டது. அலறல் கேட்டதும் அப்பத்தா செய்தது சரியான காரியம்: ஓடிப் போய் மெயின் போர்டில் எம்.சி.பி.யை, அதாவது அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே அணைகிற சுவிட்சை, தட்டி அணைத்தார். ஃபேன் ஒரு கணம் தயங்கி, மறுபடி சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் போய்விட்டது என்று இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளையின் கை விடவில்லை. சித்தி முறை உள்ள ஒரு பெண் பந்திக்கு அடுக்கியிருந்த மணைப்பலகை ஒன்றை எடுத்துப் பாக்ஸை ஓங்கித் தள்ளியதால்தான் பிள்ளை பிழைத்தது. இரண்டு விரல் நுனியில் காயம். மறுநாள் நான் போனபோது அந்த கிளிப் பாக்ஸிலேயே கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் சுவரிலிருந்த சுவிட்ச் போர்டுகள் ஐந்தடி உயரத்தில் இருந்தன. நம் பழைய வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் "எங்க வீட்டு பாயின்டு பிள்ளைக்கு எட்டாது" என்கிறார்கள். எட்டாதுதான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பட்டாலைக்கு, அதாவது கூடத்துக்கு, ஒரு பாயின்டு வைத்தால் பெரிய விஷயம். இன்றைக்கு வீட்டில் இறங்குகிற பதினைந்து பேருக்கும் போன் சார்ஜ் வேண்டும். கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவரைக் கொத்த யாருக்கும் மனசு வராது, எனக்கும் வராது. ஆகவே ஐந்தடி உயரத்துப் பாதுகாப்பை ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் தரைக்கு இறக்கிக் கொண்டுவந்து பிள்ளையின் முன்னால் வைத்துவிடுகிறது. நான் பார்த்த, கேட்ட விபத்துகளில் பெரும்பாலானவை சுவரில் நடந்தவை அல்ல, தரையில் நடந்தவை.

சுவரைக் கொத்தாமல் செய்ய வழி இருக்கிறது. நிலைக்கதவு ஓரமாக, உத்தரத்தை ஒட்டி வயரை மூடுகிற பி.வி.சி. கேசிங் பட்டை ஓட்டி நாலரை அடி உயரத்தில் கூடுதல் பாயின்டு கொடுத்தால் கண்ணுக்கும் தெரியாது, பூச்சும் உதிராது. ஒரு நாள் வேலை.

பாக்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வெளிச்சத்தில் பிடித்து அதன் ஓட்டைக்குள் பாருங்கள். பித்தளை பளிச்சென்று தெரிந்தால் அது வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் தகடு மறைத்திருந்தால் அதுதான் ஷட்டர். நம் மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கிற எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அது முதலில் நுழைந்து ஷட்டரைத் திறக்கும், பிறகுதான் மற்ற பின்கள் உள்ளே போகும். ஒற்றைக் கம்பியை ஒற்றை ஓட்டையில் குத்துகிற பிள்ளைக்கு அது திறக்காது. எல்லா நாட்டு பிளக்கும் போகும் என்று விற்கிற அகல ஓட்டை பாக்ஸ்களில் பலவற்றில் இந்தத் தகடே இல்லை. இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 1293 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஓட்டையில் செருகுகிற சின்ன பிளாஸ்டிக் மூடிகளை நான் சிபாரிசு செய்வதில்லை. இரண்டு வயதுப் பிள்ளை நகத்தால் நெம்பி எடுத்துவிடும். எடுத்தது நேரே வாய்க்குத்தான் போகும்.

சுவிட்ச் ஆஃபில் இருந்தால் பயமில்லை என்பதும் இந்த வீடுகளில் செல்லாது. தாத்தா காலத்தில் தேக்குச் சட்டத்துக்குள் ரப்பர் உறை வயர் ஓடியது. அப்பா காலத்தில் அதன் மேலேயே ஒரு வயரிங். பிறகு ஏ.சி.க்கு ஒன்று. இத்தனை கை மாறியதில் மின்சாரம் வருகிற ஃபேஸ் வயர் போக வேண்டிய சுவிட்ச் வழியாக, அது திரும்புகிற நியூட்ரல் வயர் போகிற இடங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். டெஸ்டரை வைத்தால் எரியும். பிள்ளை வருமுன் ஒரு வயர்மேனை வைத்து எல்லா பாயின்டிலும் சுவிட்சை அணைத்துவிட்டு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ரப்பர் உறை தொட்டாலே பொடியாக உதிரும். பூட்டிய வீட்டில் எலி வேறு. உதிர்கிற வயரைப் பார்த்தால் ஒட்டுப் போட விடாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள்.

எம்.சி.பி. போட்டிருக்கிறோமே என்பார்கள். 6 ஆம்பியர் எம்.சி.பி. காப்பாற்றுவது வயரைத்தான், பிள்ளையை அல்ல. 6 ஆம்பியர் என்றால் 6000 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியர் சுற்றளவிலேயே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். சிறு பிள்ளைக்கு அதைவிடக் குறைவே போதும். அதைப் போல ஐந்து, பத்து மடங்கு போனால் இதயத்தின் துடிப்பே குலைந்துவிடும். எம்.சி.பி.க்கு இதெல்லாம் நடப்பது தெரியவே தெரியாது. தெரிவது ஆர்.சி.சி.பி. என்கிற, கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்சுக்கு. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இல்லை, வித்தியாசம் ஓர் ஆளின் உடம்பு வழியாகவோ வேறு எங்கோ கசிந்தோ தரைக்குப் போகிறது என்று கண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகை கேட்டு வாங்குங்கள். எர்த் இல்லாத பழைய வயரிங்கிலும் இது வேலை செய்யும். அதற்காக எர்த் போடாமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் பிள்ளை இரண்டு ஓட்டையிலும் இரண்டு கம்பியைச் செருகினால் மின்சாரம் ஒன்றில் வந்து மற்றதில் திரும்பிவிடும், ஆர்.சி.சி.பி.க்கு வித்தியாசம் தெரியாது. ஷட்டரும் உயரமும் அதனால்தான் வேண்டும்.

பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி.யைப் பொருத்தினால் முதல் நாளே விழும், அதாவது தானே அணைந்துவிடும். மழைக்காலத்தில் மறுபடி மறுபடி விழும். "சும்மா சும்மா ட்ரிப் ஆகுது, கழட்டி நேரடியாக் குடுத்துருப்பா" என்று கேட்டவர்களும் உண்டு, கொடுத்த வயர்மேன்களும் உண்டு. தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. கசிகிற இடத்தைத் தேடுவதுதான் வேலை.

இன்வெர்ட்டர் லைனுக்குத் தனியாக ஓர் ஆர்.சி.சி.பி. வேண்டும். அந்த வீட்டின் நியூட்ரல் எப்படி ஓடுகிறது என்று படித்துப் பார்க்கிற ஆளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். இன்வெர்ட்டரின் சொந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது சமையலுக்கு வருகிற அம்மா உட்பட வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பந்தல் சீரியல் செட்டுக்காரர்கள் பிளக் இல்லாமல் வயர் நுனியைச் சீவி, ஓட்டையில் செருகி, தீக்குச்சியால் இறுக்குவார்கள். முகப்பில் அப்படி ஒன்றைக் கண்டால் கல்யாண வேலை எவ்வளவு இருந்தாலும் முதலில் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

பிள்ளையை மின்சாரம் பிடித்துவிட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். பிளக் கைக்கு எட்டினால் அதைப் பிடுங்குங்கள். இல்லையென்றால் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணையுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால் காய்ந்த மரப்பலகையால் தள்ளிப் பிரியுங்கள். மூச்சில்லை என்றால் ஒருவர் 108-க்குப் பேச, இன்னொருவர் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். காயம் பொட்டளவுதான் இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தோலில் சின்னதாகத் தெரிவது உள்ளே பெரிதாக இருக்கலாம். வயரைக் கடித்து உதட்டோரம் வெந்த பிள்ளை என்றால் இன்னொன்று: ஐந்தாறு நாள் கழித்து, சில சமயம் இரண்டு வாரம் வரைகூட, பொருக்கு விழும்போது உள்ளிருக்கும் ரத்தக்குழாய் திறந்து ரத்தம் கொட்டலாம். அப்படி வந்தால் உதட்டோரத்தை உள்ளும் புறமுமாக இரு விரலால் இறுக்கிப் பிடித்தபடியே ஓட வேண்டும். ஆறிவிட்டது என்று விட்டுவிடக் கூடாத புண் அது.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' (T) என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் உள்ளே இருக்கும் இயந்திரம் இறுகிப்போயிருக்கலாம் என்பதால், வீட்டைத் திறந்த அன்றே அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள்.

அந்த கிளிப் வீட்டு அப்பத்தா இப்போது வீட்டைத் திறந்ததும் எனக்கு போன் போட்டுக்கொண்டே அதை அழுத்துகிறார். முதலில் மெயினில், பிறகு இன்வெர்ட்டர் லைனில். "டக்குன்னு விழுந்துருச்சு தம்பி, ரெண்டும்" என்று சொன்ன பிறகுதான் மகனுக்குப் பேசி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்.