ஐந்து வாழ்த்துரை, ஆண்டு மட்டும் இல்லை

ஈழத்துத் தமிழ் ஆக்க இலக்கியத்துக்கு நூல்விபரப் பட்டியல் தொகுக்கும் வேலையில் இருக்கிறேன் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை நூல் தேறும்?" என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. பதில் வைத்திருப்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதுமில்லை. மேசைமேல் கிடக்கும் ஒரு நூலை யார் எழுதினார், எங்கே அச்சிட்டார்கள், எந்த ஆண்டு என்று உறுதிப்படுத்துவதிலேயே எங்கள் பொழுது போய்விடுகிறது. எண்ணிக்கை அதற்குப் பிறகு வரட்டும்.

ஆண்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கவிதைத் தொகுதியைத் திறந்தால் ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை என்று வரிசையாக வரும். பிரதேச செயலாளர் முதல் முன்னாள் அதிபர் வரை எல்லாரும் படத்தோடு இருப்பார்கள். அச்சான ஆண்டு மட்டும் எங்குமே இருக்காது. அப்போது நாங்கள் துப்பறிவாளர் ஆகிவிடுகிறோம். வாழ்த்துரையின் அடியில் யாராவது திகதி போட்டிருக்கிறாரா? அச்சகத்தின் தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம்? விலை என்ன? சர்வதேசத் தராதர நூல் எண் (ISBN) இருந்தால் அதுவும் ஒரு சாட்சி: 10 இலக்கமாக இருந்தால் பெரும்பாலும் 2007க்கு முந்தியது, 13 இலக்கமாக இருந்தால் அதற்குப் பிந்தியது. வாழ்த்துரை எழுதுவோர் கையெழுத்தின் கீழே திகதி போடும் பழக்கத்தை எக்காலமும் விட்டுவிடக் கூடாது. அவர்கள் எழுதியதில் எங்களுக்கு மிகவும் பயன்படுவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

பழைய நூல்களில் சிக்கல் வேறு வகை. ஆண்டு இருக்கும், ஆனால் "பார்த்திப வருஷம் பங்குனி மாதம்" என்று இருக்கும். தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் பார்த்திப 1885ஆகவும் இருக்கலாம், 1945ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயரையும் கடதாசியையும் எழுத்துருவையும் பார்த்து எது என்று தீர்மானித்தாலும் வேலை முடியாது. வருடம் பிறப்பது சித்திரையில். பங்குனி அதன் கடைசி மாதம். ஆகவே 1885இல் பிறந்த பார்த்திபவின் பங்குனியில் வந்த நூல் உண்மையில் 1886இன் நூல். பட்டியல்களுக்கிடையே ஓராண்டு வேறுபாடு தென்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

அடுத்தது பெயர். நம் இலக்கிய உலகில் சிவஞானசுந்தரம் என்ற பெயருக்குரியவர்கள் மூவர் உண்டு. ஒருவர் இலங்கையர்கோன், சிறுகதை முன்னோடி. இன்னொருவர் நந்தி, மருத்துவப் பேராசிரியராகவும் இருந்த நாவலாசிரியர். மூன்றாமவர் 'சிரித்திரன்' நகைச்சுவை இதழின் ஆசிரியர் சுந்தர். இயற்பெயரின் கீழ் அடுக்கும் பட்டியலில், தொகுப்பவர் கொஞ்சம் அசந்தாலும் ஒருவருடைய கதை மற்றவரின் கணக்கில் ஏறிவிடும். து. உருத்திரமூர்த்தியின் புனைபெயர் மஹாகவி; கணினியில் அதை "மகாகவி" என்று தட்டினால் பாரதி வந்து நிற்பார். கே. டானியல் இங்கே டானியல், தமிழகத்தில் டேனியல். இவர்களெல்லாம் அறியப்பட்டவர்கள் என்பதால் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரே ஒரு தொகுதி வெளியிட்டு மறைந்துபோன புனைபெயர்க்காரர் யார் என்பதைச் சொல்ல அவரது ஊரில் இப்போது யாருமே இல்லாமலிருக்கலாம்.

ஒரு நாட்டின் இலக்கியம் என்றால் அதற்குள் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' 1895இல் சென்னையில் அச்சானது. கதையும் தமிழக வரலாற்றைத் தழுவியது. கோ. நடேசய்யர் பிறந்தது தஞ்சைப் பக்கம். வாழ்ந்ததும் எழுதியதும் மலையகத் தொழிலாளருக்காக. இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்து எழுதிச் சென்னையில் பதிப்பிப்பவர்கள் பலர். நூலகங்களின் வகைப்பாட்டு எண்ணும் கைகொடுக்காது. தூயி (Dewey) தசம வகைப்பாட்டு முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811இன் கீழ் வருகிறது. யாழ்ப்பாணத்து நாவலும் மதுரை நாவலும் ஒரே தட்டில் அருகருகே நிற்கும். நூல் எண்ணின் முன்னொட்டு 955 அல்லது 624 என்றால் இலங்கை. ஆனால் அது சொல்வது பதிப்பாளரின் நாட்டை. எழுதியவரின் நாட்டை அல்ல. ஆகவே சேர்க்கும் விதியை முதல் பதிவுக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். ஐயம் வந்தால் சேர்த்துவிட்டு, ஏன் சேர்த்தோம் என்று ஒரு குறிப்புப் போடுவது என் வழக்கம். தேவையில்லை என்று நினைப்பவர் கடந்து போகலாம். விடுபட்டதைத் தேடி எடுப்பதுதான் கடினம்.

தரம் பார்த்து விலக்கும் வேலையும் எங்களுடையதல்ல. துப்பறியும் நாவலும் ஊர்க்கோயில் பதிகமும் பள்ளி நாடகமும் எல்லாம் ஏற வேண்டும். எது இலக்கியம் என்ற சண்டையை விமர்சகர்கள் நடத்தட்டும். அவர்கள் சண்டை போடுவதற்கும் ஒரு பட்டியல் வேண்டுமே.

இருப்பவை விடுபடுவது ஒரு பக்கம் என்றால், இல்லாத நூல்கள் ஏறிவிடுவது இன்னொரு பக்கம். பின்னட்டையில் "ஆசிரியரின் பிற நூல்கள்" என்று ஆறு தலைப்பு இருக்கும். அவற்றில் இரண்டு அச்சேறவே இல்லை. "விரைவில் வெளிவரும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் பட்டியலில் எழுதுகிறார். அதைப் பார்த்து இன்னொருவர் ஆய்வேட்டில் எழுதுகிறார். மூன்றாமவர் இருவரையும் ஆதாரம் காட்டுகிறார். அதன் பிறகு அந்த நூலை யாராலும் அழிக்க முடியாது. மாறாக, ஒரே நூல் இரண்டாகிவிடுவதும் உண்டு. சித்திலெப்பையின் 1885ஆம் ஆண்டு நாவல் 'அசன்பேயுடைய கதை' என்றும் 'அசன்பே சரித்திரம்' என்றும் வழங்குவதைப் பார்த்துவிட்டு, இரண்டு நாவல் என்று எண்ணியவர்கள் உண்டு. நூலைக் கையில் பிடித்துப் பார்த்த பின்னரே பதிவு எழுதுவது, பார்க்க முடியாததற்கு "பார்வைக்குக் கிட்டவில்லை" என்று குறிப்பது. இந்த ஒழுங்கில் விட்டுக்கொடுப்பு கூடாது.

ஆனால் பார்ப்பதற்கு நூல் எங்கே இருக்கிறது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. அதன் பின்னர் வந்த போர் ஆண்டுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், அச்சுக் கடதாசி கிடைக்காமல் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்தார்கள். அப்படி வந்த சிறு தொகுதிகளும் துண்டுப் பிரசுரங்களும் கொழும்பைச் சென்றடைய வழியே இருக்கவில்லை. 1995இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, தூக்கிக்கொண்டு போக வேண்டியவற்றின் வரிசையில் கவிதைப் புத்தகம் எங்கே வந்திருக்கும்?

அச்சகத்தார் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1885இலேயே வந்துவிட்டது. தேசிய நூற்பட்டியலும் 1960களிலிருந்து மும்மொழியிலும் வெளிவருகிறது. ஆனால் ஒப்படைத்த நூல்தான் அதில் ஏறும். தேசிய நூலகத்தில் நூல் எண்ணைப் பெற்று நூலில் அச்சிட்டுவிட்டு, பிரதியை அனுப்பாமல் விடும் வெளியீட்டாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். சென்னையில் அச்சாகும் ஈழத்து நூலுக்கு நம் சட்டம் பொருந்தவும் பொருந்தாது. இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியவர்கள் தனியாட்களும் தன்னார்வலர்களும்தான். என். செல்வராஜா 2002 முதல் தொகுதிக்கு ஆயிரம் நூல் என்று வெளியிட்டு வரும் 'நூல்தேட்டம்' ஒன்று. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இன்னொன்று. அரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டியதை இவர்கள் செய்தார்கள் என்பதில் நமக்குப் பெருமை இருக்கலாம். எனக்கு வருவது கொஞ்சம் கோபமும்கூட.

இவ்வளவும் நூலாக வந்தவற்றின் கதை. நம் சிறுகதையும் கவிதையும் பெரும்பகுதி ஈழகேசரி, மறுமலர்ச்சி, மல்லிகை, அலை முதலிய இதழ்களிலும் நாளிதழ்களின் வாரமலர்களிலும் கிடக்கின்றன. நூல் போடப் பணமில்லாத எழுத்தாளருக்குச் சஞ்சிகையே நூல். நூல்களை மட்டும் கொண்ட பட்டியலில் நாவல் ஓரளவு முழுமையாகத் தெரியும். சிறுகதையில் பாதிகூடத் தெரியாது. பெண்களின் எழுத்து இன்னும் குறைவாகவே தெரியும். பலருக்குத் தொகுதியே வந்ததில்லை. கூட்டுத் தொகுப்புகளையும் ஒற்றைப் பதிவாக விட்டுவிடக் கூடாது. 1986இல் வந்த 'சொல்லாத சேதிகள்' பத்துப் பெண் கவிஞர்களின் தொகுப்பு; பத்துப் பேரையும் தனித்தனியே சுட்டாவிட்டால் அவர்களில் சிலரைப் பட்டியலில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது நூல் வெளியிடுகிறவர்கள் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் ஆண்டு, ஊர், அச்சகம், எத்தனையாம் பதிப்பு, புனைபெயருக்குப் பக்கத்தில் இயற்பெயர் என எல்லாவற்றையும் அச்சிடுங்கள். மறுபதிப்பை முதற்பதிப்பு என்று போடாதீர்கள். வெளியீட்டு விழாவின் முதற்பிரதி, சிறப்புப்பிரதி எல்லாம் கொடுத்து முடிந்த பிறகாவது, தேசிய நூலகத்துக்கும் உங்கள் மாவட்டப் பொது நூலகத்துக்கும் பிரதி அனுப்பிவையுங்கள்.

மறைந்த எழுத்தாளரின் வீட்டார் பழைய கடதாசிக்காரரைக் கூப்பிடுமுன் ஒரு நூலகரைக் கூப்பிடுங்கள். நூலைக் கொடுக்க மனமில்லை என்றால் முன்னட்டை, தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், கடைசி எண்ணிட்ட பக்கம், பின்னட்டை ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பினாலே பதிவு எழுதிவிடலாம். சஞ்சிகையில் வந்த கதையைக் கத்தரித்து ஒட்டாதீர்கள்; இதழை முழுதாக வையுங்கள். ஏற்கெனவே கத்தரித்து வைத்திருந்தால் இதழின் பெயரையும் திகதியையும் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். பேனா மை நாளடைவில் மறுபக்கம் ஊறும்.