லோடு பிக்கப்புக்கு மைல்டு ஹைப்ரிட்: டீசல் எங்கே மிச்சமாகும், எங்கே ஆகாது

களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றுகிறவர்களும், திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் காய்கறி இறக்குகிறவர்களும் வண்டி மாற்றும்போது முதலில் விசாரிப்பது மைலேஜைத்தான். இப்போது அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "ஹைப்ரிட்னு ஒண்ணு வருதாமே அண்ணாச்சி, எடுத்தா டீசல் மிச்சமாகுமா?"

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் 2.8 லிட்டர் டீசல் இன்ஜினோடு 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட் (இன்ஜினுக்குக் கைகொடுக்கிற சின்ன மின்மோட்டாரும் பேட்டரியும்) சேர்ந்து 2024இல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா எனப் பல இடங்களில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 2025இல் அதே ஏற்பாடு ஃபார்ச்சூனருக்கு வந்தது. சிறிய லோடு பிக்கப்புகளுக்கும் வந்தால் எடுக்கலாமா? வண்டி ஒரு நாளில் எத்தனை தடவை நின்று கிளம்புகிறது என்று சொன்னால் போதும், பதில் கிட்டத்தட்ட வந்துவிடும். எத்தனை டன் ஏற்றுகிறீர்கள் என்பதுகூட அதற்கு அடுத்த கேள்விதான்.

எந்த டீசல் வண்டியிலும் இன்ஜினின் முன்பக்கம் பெல்ட்டில் ஓடுகிற ஆல்டர்னேட்டர் இருக்கும். ஒர்க் ஷாப்பில் டைனமோ என்பார்கள். இன்ஜின் சுற்றினால் அது சுற்றும், பேட்டரி சார்ஜ் ஏறும். மைல்டு ஹைப்ரிட்டில் அந்த இடத்தில் கொஞ்சம் பெரிய மோட்டார் ஒன்று உட்காருகிறது. மின்சாரம் கொடுத்தால் அதே பெல்ட் வழியாக இன்ஜினைத் தள்ளும். இன்ஜின் அதைச் சுற்றினால் மின்சாரம் தரும். ஹைலக்ஸில் இதன் திறன் 12 கிலோவாட், முறுக்கு விசை 65 நியூட்டன் மீட்டர். பின் சீட்டுக்கு அடியில் 7.6 கிலோ எடையுள்ள லித்தியம் பேட்டரி. பழைய 12 வோல்ட் பேட்டரியும் கூடவே இருக்கும். விளக்கு, ஹாரன் எல்லாம் அதில்தான் ஓடும்.

48 வோல்ட் எதற்கு? 12 வோல்ட்டில் 12 கிலோவாட் எடுக்க வேண்டுமென்றால் 1,000 ஆம்பியர் ஓட வேண்டும். அதற்கு ரொம்பத் தடிமனான செம்புக் கேபிள் போட வேண்டியிருக்கும். 48 வோல்ட்டில் அதே வேலைக்கு 250 ஆம்பியர் போதும். கேபிளில் சூடாகிப் போகும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே கேபிளில் இழப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். சரி, 200 வோல்ட்டே வைத்தால் என்ன? 60 வோல்ட்டைத் தாண்டினால் ஷாக் ஆபத்துக்கான தனிப் பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் வேண்டும், விலை எகிறும். அதனால்தான் 48இல் நின்றார்கள்.

அந்தப் பேட்டரியில் எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்தால் விஷயத்தின் அளவு புரியும். 4.3 ஆம்பியர் மணி, 48 வோல்ட். பெருக்கினால் ஏறத்தாழ 0.2 யூனிட் (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்). ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி ரேடியேட்டரிலும் புகையிலும் போய்விடும். அப்படியானால் முழுப் பேட்டரியும் சேர்ந்து செய்கிற வேலை 60 மில்லி டீசல் செய்கிற வேலைக்குச் சமம். சின்ன டீ கிளாஸ் கூட நிரம்பாது. ஆனால் அந்தக் கிளாஸை ஒரு நாளில் பல தடவை நிரப்பிக் காலி செய்ய முடிகிற வண்டிக்கு அது லாபம்.

வண்டியும் லோடுமாக 3 டன் என்று வைத்துக்கொள்வோம். வண்ணார்பேட்டையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிற்கும்போது வண்டியில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 185 கிலோஜூல். சாதாரண வண்டியில் அத்தனையும் பிரேக் டிரம்மிலும் டிஸ்க்கிலும் சூடாகிப் போகிறது. 8 நொடியில் நின்றால் 12 கிலோவாட் மோட்டாரால் அதிகபட்சம் 96 கிலோஜூல் பிடிக்க முடியும். அதுவும் முழுதாகத் திரும்பி வராது. மோட்டார் இருப்பது இன்ஜின் பக்கம் என்பதால் சக்கரத்தின் வேகம் கியர் பாக்ஸ், இன்ஜின் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் மோட்டாருக்கு வந்து சேரும். வழியில் பிஸ்டன் உராய்வுக்கு ஒரு பங்கு, பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் ஒரு பங்கு போகும். கடைசியில் 60 கிலோஜூல் கையில் நின்றால் நல்ல கணக்கு. டீசலில் சொன்னால் ஐந்து, ஐந்தரை மில்லி. ஒரு தடவை நின்று கிளம்பினால் கிடைப்பது அவ்வளவுதான்.

இதைக்கூட இழந்துவிடுகிற பழக்கம் ஒன்று நம் பக்கம் பலமாக வேரூன்றியிருக்கிறது. சிக்னல் தூரத்தில் தெரிந்ததும் நியூட்ரலில் போட்டு உருட்டுவது. இறக்கம் வந்தாலும் அதேதான். டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை. கார்புரேட்டர், பழைய பம்ப் காலத்திலிருந்து கைமாறி வந்த பாடம் இது. கம்ப்யூட்டர் அளந்து டீசலைப் பீய்ச்சுகிற இன்றைய காமன் ரயில் டீசல் இன்ஜினில் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலை முழுக்க நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்தே ஆக வேண்டும். மைல்டு ஹைப்ரிட்டில் இழப்பு இன்னும் அதிகம். கிளட்சை மிதித்தாலோ நியூட்ரலில் விட்டாலோ சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். மோட்டாருக்கு ஒன்றும் வராது, பேட்டரியும் ஏறாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இந்தப் பிரச்சினை குறைவு. மேனுவல் கியர் லோடு வண்டியில் இந்த ஏற்பாட்டின் பாதிப் பலன் டிரைவரின் இடது கையிலும் இடது காலிலும்தான் இருக்கிறது. முதலாளிகள் டிரைவரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் விஷயமும் இதுதான் என்று நினைக்கிறேன். செங்கோட்டை தாண்டிப் புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற மலைப்பாதையில் லோடோடு நியூட்ரலில் இறங்குவது உயிருக்கே ஆபத்து என்பது தனி.

மலைப்பாதை என்றால் இறக்கத்தில் நிறைய மின்சாரம் பிடிக்கலாமே என்று தோன்றும். 3 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 0.8 யூனிட்டுக்கு மேல் ஆற்றல் வெளிவரும். பேட்டரியில் பிடிப்பது 0.2 யூனிட். மோட்டார் முழு வேகத்தில் சார்ஜ் ஏற்றினால் ஒரு நிமிடத்தில் நிறைந்துவிடும், மிச்சமுள்ள இறக்கம் முழுக்க இன்ஜின் பிரேக்கும் கால் பிரேக்கும்தான். ஏறும்போதும் அப்படியே: ஒரு நிமிடம் தள்ளும், அப்புறம் அது வெறும் சுமை. மலைக்கென்று இதை வாங்க வேண்டாம்.

நாலு வழிச்சாலையிலும் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. நாங்குநேரி, வள்ளியூர் என்று 44ஆம் எண் சாலையில் ஒரே வேகத்தில் போகிற வண்டி பிரேக்கே பிடிப்பதில்லை. பிடிக்காத பிரேக்கிலிருந்து மின்சாரம் எங்கிருந்து வரும்? அங்கே டீசலைத் தின்பது காற்று. காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழி பக்கம் திரும்பினால் ஆடி மாதத்தில் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், காற்றின் தடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தார்ப்பாயை இறுகக் கட்டி, 10 கிலோமீட்டர் வேகத்தைக் குறைப்பதில் கிடைக்கிற மிச்சம் இந்த 48 வோல்ட்டில் கிடைக்காது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராம் 1500 பிக்கப் 2019இல் இதே போன்ற 48 வோல்ட் ஏற்பாட்டோடு வந்தது. 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின், இரு சக்கர இழுவை. ஊருக்குள் கேலனுக்கு 15 மைல் என்றிருந்தது 17 ஆனது. நெடுஞ்சாலையில் 22 மைல், 23 ஆனது. நம் கணக்கில் ஊருக்குள் லிட்டருக்கு 6.4 கிலோமீட்டர் 7.2 ஆயிற்று, நெடுஞ்சாலையில் 9.4 என்பது 9.8. நகரத்தில் 13 சதவீதம், சாலையில் அதில் பாதிகூட இல்லை. நகரத்துக் கணக்கைப் பார்த்து நாமும் ஆசைப்படக் கூடாது. பெரிய பெட்ரோல் இன்ஜின் சும்மா நிற்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் எரிபொருளை வாரிக் கொட்டும். மிச்சம் பிடிக்க இடம் அதிகம். டீசல் இன்ஜின் சும்மா நிற்கும்போது இயல்பாகவே குறைவாகக் குடிக்கும். டொயோட்டா தன் டீசல் பிக்கப்புக்கு ஐரோப்பாவில் சொன்னதே 5 சதவீதம் வரை என்றுதான்.

அந்த 5 சதவீதத்தில் கணிசமான பங்கு வண்டி நிற்கும்போது இன்ஜினை அணைப்பதில் வருகிறது. இரண்டரை லிட்டர் டீசல் இன்ஜின் ஒரு மணி நேரம் சும்மா ஓடினால் அரை லிட்டருக்கு மேல் போகும். பெல்ட் மோட்டார் இன்ஜினைச் சத்தமும் உதறலும் இல்லாமல் எழுப்புவதால் ஒவ்வொரு சிக்னலிலும் அணைத்து எழுப்பலாம், செல்ஃப் மோட்டார் தேயாது. நம் ஊர் வெயில் இதில் குறுக்கே நிற்கும். பெரும்பாலான டீசல் பிக்கப்புகளில் ஏசி கம்ப்ரஸரும் இன்ஜின் பெல்ட்டில்தான் ஓடுகிறது. சித்திரை வெயிலில் ஏசி போட்டு நின்றால் இன்ஜின் அணைய மறுக்கும், அணைந்தாலும் சீக்கிரம் எழுந்துவிடும். மார்க்கெட்டில் லோடு இறக்கும் நேரத்துக்கு மட்டும் எந்த ஹைப்ரிட்டும் வேண்டாம். சாவியைத் திருப்பினால் போதும்.

டீசல் கணக்கை விட்டுவிட்டால், எனக்கு இந்த ஏற்பாட்டில் உண்மையாகவே பிடித்தது கிளம்பும் தருணம். வாழைத்தோட்டத்து வரப்பிலிருந்து ஈர மண்ணில் முழு லோடோடு ரோட்டுக்கு ஏறுகிற வண்டியைப் பாருங்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வேலை செய்ய இன்ஜின் வேகம் பிடிக்க வேண்டும். அதுவரை டிரைவர் பாதி கிளட்சில் இழுத்துப் பிடிப்பார், கிளட்ச் பிளேட் கருகும் வாசனை வரும். மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு விசை கொடுக்கும். அதன் புல்லி சின்னது என்பதால் அந்த 65 நியூட்டன் மீட்டர் இன்ஜினுக்குப் போகும்போது பெருகியும் போகும். டர்போ எழுந்திருக்கும் அந்த ஒன்றிரண்டு நொடிகளில் கிடைக்கிற இந்தத் தள்ளல் சின்ன இன்ஜின் வண்டிக்குப் பெரிய ஒத்தாசை. கிளட்ச் மாற்றும் செலவு தள்ளிப்போவதையும் லாபத்தில் சேர்க்க வேண்டும்.

இனி ரூபாய்க் கணக்கு. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை என்று கடைகடையாகச் சரக்குப் போடுகிற வண்டி நாளைக்கு 10 லிட்டர் ஊற்றுகிறது என்போம். 40 தடவை நின்று கிளம்பினால் 200 மில்லி, அரை மணி நேரம் இன்ஜின் அணைந்திருந்தால் 300 மில்லி. ஆக அரை லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் நாளைக்கு 46 ரூபாய், வருடம் 300 நாளைக்கு 13,800, ஐந்து வருடத்தில் 69,000. நாலு வழிச்சாலையிலேயே கிடக்கிற வண்டி 20 லிட்டர் ஊற்றினாலும் ஒரு சதவீதம்தான் மிச்சமாகும் என்றால் நாளைக்கு 18 ரூபாய் 40 காசு. ஐந்து வருடத்தில் 27,600. கம்பெனி இந்த வசதிக்குக் கூடுதலாகக் கேட்கிற தொகையை இந்த இரண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊருக்குள் ஓடுகிற வண்டிக்கு 50,000 ரூபாய்க்குள் கிடைத்தால் வாங்கலாம் என்பேன். லாங் டிரிப் வண்டிக்கு 20,000 கேட்டாலும் யோசிப்பேன்.

வாங்குவதானால் ஷோரூமில் கேட்க வேண்டியவை சில உண்டு. இந்தப் பெல்ட் இரண்டு திசையிலும் இழுபடுகிறது. சாதாரண பெல்ட்டைவிடக் கடினமான வேலை. பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இரண்டும் சேர்ந்து என்ன விலை? 48 வோல்ட் பேட்டரிக்குத் தனி வாரண்டி எத்தனை வருடம்? ஆல்டர்னேட்டரும் இந்த மோட்டாரும் ஒன்றே என்பதால், அது பழுதானால் பேட்டரிகளில் இருப்பது தீரும் வரைதான் வண்டி ஓடும். அந்த மோட்டார் திருநெல்வேலியில் ஸ்டாக் இருக்குமா, மதுரையிலிருந்து வர வேண்டுமா? அப்புறம் பேட்டரி எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிடுங்கள். ஹைலக்ஸில் அது கேபினுக்குள் பின் சீட்டுக்கு அடியில் உயரமாக இருக்கிறது, 700 மில்லிமீட்டர் தண்ணீரிலும் வண்டி போகலாம் என்கிறது டொயோட்டா. சிங்கிள் கேபின் லோடு பிக்கப்பில் பின் சீட்டே கிடையாது. பேட்டரியைச் சேஸிஸ் பக்கம் தொங்கவிட்டிருந்தால், 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது போலத் தண்ணீர் வந்தால் என்ன ஆகும், அதற்கு வாரண்டி உண்டா என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.