இன்ஸ்பயர் மானக் விருது: மாணவரின் யோசனைக்கு அரசு தரும் 10,000 ரூபாய்

பள்ளி மாணவர் ஒருவர் தமக்குத் தோன்றிய ஒரு கருவியைத் தம் கையாலேயே செய்து பார்ப்பதற்காக ஒன்றிய அரசு 10,000 ரூபாய் வழங்கும் திட்டமே இன்ஸ்பயர் மானக் விருது. அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறையும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையும் இணைந்து இதனை நடத்துகின்றன. மாணவர்களை அறிவியலின்பால் ஈர்ப்பதற்காக 2008-இல் தொடங்கிய இன்ஸ்பயர் திட்டத்தின் பள்ளிப் பிரிவு, 2016-இல் மாற்றியமைக்கப்பட்டு இன்றைய வடிவத்தைப் பெற்றது. முடித்த வேலைக்குக் கிடைக்கும் பரிசாக இதனைக் கருதக் கூடாது. யோசனை தேர்வானதும், அதற்கு உருவம் கொடுப்பதற்கும் மாவட்டக் கண்காட்சியில் வைப்பதற்கும் முன்கூட்டியே தரப்படும் தொகை இது.

தொடக்கத்தில் 6 முதல் 10-ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு மட்டும் இருந்த இந்த வாய்ப்பு, பின்னர் 12-ஆம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இல்லை. பள்ளி அங்கீகாரம் பெற்றிருந்தால் போதும். ஆனால் மாணவரோ பெற்றோரோ நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. தலைமையாசிரியர்தான் இவ்விருதுக்கான இ-மியாஸ் (E-MIAS) இணையதளத்தில் பள்ளியைப் பதிவு செய்து, மாணவர்களின் யோசனைகளுள் சிறந்தவற்றைப் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே, பள்ளி பதிவு செய்துள்ளதா என்பதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கேட்டறிவது நல்லது. தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருவதால், கணக்கிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர் ஒன்றுபோல் இருப்பதை விண்ணப்பிக்கும் முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தகைய யோசனை ஏற்கப்படும் என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகின்றனர். கண்காட்சிதோறும் காணும் எரிமலை மாதிரியும், கடையில் தொகுப்பாக வாங்கிப் பொருத்தும் மின்சுற்றும் இத்திட்டத்தின் நோக்கத்திற்கு உரியவை அல்ல. யோசனை புதியதா, மக்களுக்குப் பயன்படுமா, சுற்றுச்சூழலைக் கெடுக்காததா, எளிதில் கையாளத்தக்கதா, ஏற்கெனவே உள்ள வழிகளைவிட மேலானதா என்பவையே மதிப்பீட்டின் அளவுகோல்கள். எனவே பாடநூலில் ஒரு கோட்பாட்டைத் தேர்ந்துகொண்டு அதற்கு மாதிரி செய்வதைவிட, அன்றாடம் கண்ணில் படும் ஓர் இடரிலிருந்து தொடங்குவதே பொருத்தமானது.

மேட்டில் ஏறும் தள்ளுவண்டி, தள்ளுபவர் மூச்சு வாங்க நிற்கும்போது பின்னோக்கி உருள்வதை ஒரு மாணவி கவனிக்கிறார் என்று கொள்வோம். வண்டியும் சுமையும் சேர்ந்து 50 கிலோ. மேட்டின் சாய்வு 10 பாகை. சரிவின் திசையில் வண்டியைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 85 நியூட்டன் என்று அவரால் கணக்கிட முடியும். சுருள்வில் தராசைக் கட்டி இழுத்து அதனைச் சோதித்தும் பார்க்கலாம். பிறகு, ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் பல்சக்கரத்தையும், பற்களில் விழுந்து பிடிக்கும் தடுப்பு நாக்கையும் அச்சில் பொருத்த நினைக்கிறார். வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு 120 செ.மீ., பற்கள் 12 எனில், நாக்கு பிடிக்கும் முன் வண்டி அதிகபட்சம் 10 செ.மீ. பின்வாங்கும். பற்களை 24 ஆக்கினால் அது 5 செ.மீ.யாகக் குறையும், ஆனால் அதே அளவு சக்கரத்தில் ஒவ்வொரு பல்லும் சிறுத்து வலுவிழக்கும். அட்டையில் வெட்டிய பல் மடங்கிவிட, தகரத்தில் வெட்டிப் பார்க்கிறார். அதுவும் வளைந்தால் தடிப்பான இரும்புத் தகட்டுக்குச் செல்கிறார். விசைகளைப் பிரிப்பதும், திருப்புத்திறனும், பொருள்களின் வலிமையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்பவையாக இல்லாமல், அடுத்து எதை வெட்டுவது என்று முடிவெடுக்க உதவுபவையாக இங்கே மாறுகின்றன. இத்திட்டத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த மாற்றத்தையே. பல்சக்கரத் தடுப்பு உலகறிந்த பழைய அமைப்பு என்பதால், அதனை இந்த வண்டிக்கு மலிவாகவும் பழுதுபார்க்க எளிதாகவும் பொருத்தும் முறையில் தம்முடையது என்ன என்பதை மாணவி தெளிவாக எழுத வேண்டும்.

ஆண்டுக்கு 10 லட்சம் யோசனைகளைத் திரட்டி, அவற்றில் 1 லட்சத்துக்கு நிதி வழங்குவது திட்டத்தின் இலக்கு. நிதி பெற்றவர்கள் மாவட்ட அளவிலான கண்காட்சியில் பங்கேற்பர். அவர்களுள் தேர்வானோர் மாநில அளவுக்கும், பின்னர் ஏறத்தாழ 1,000 பேர் தேசிய அளவுக்கும் செல்வர். மாநில அளவில் தேர்வானவர்களுக்குத் தங்கள் மாதிரியை மேம்படுத்தத் தொழில்நுட்ப வல்லுநர்களின் வழிகாட்டல் கிடைக்கும். தேசிய அளவில் முதல் 60 யோசனைகள் பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

வழிகாட்டும் ஆசிரியருக்கு உரிய பணி கேள்வி கேட்பதும், அறுக்கும்போதும் பற்றவைக்கும்போதும் பாதுகாப்புக்காக அருகில் நிற்பதும்தான். பட்டறையில் முழுக்கருவியையும் செய்து வாங்கிக் கொடுத்துவிட்டால், நடுவரின் முதல் கேள்விக்கே மாணவர் விடையின்றி நிற்க நேரிடும். தொடக்க வரைபடம், அளவெடுத்த எண்கள், உடைந்த பாகம், அதற்குப் பின் செய்த மாற்றம் ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரே குறிப்பேட்டில் எழுதிவரச் செய்து, அந்தக் குறிப்பேட்டையும் உடைந்த பாகங்களையும் கண்காட்சி மேசையில் கருவியின் பக்கத்திலேயே வைக்கச் சொல்லலாம்.