அதிபருக்கு யார் சொல்லுறது?

அறுபது தாண்டிய யார் எங்கள் கண் கிளினிக்குக்கு வந்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது, "எதில வந்தனீங்கள் ஐயா?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியது ஒரு பிள்ளையின் கால் முறிந்த பிறகு.

அவர் ஓய்வுபெற்ற அதிபர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், நான் உட்பட. (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு கண்ணிலும் குளுக்கோமா, எங்கள் சனம் 'கண் பிறஷர்' என்று சொல்லும் வருத்தம், முற்றியிருந்தது. எதிரே இருந்த பலகையில் சின்ன எழுத்தைக்கூட வாசித்தார். பக்கத்தில் நான் ஆட்டிய விரல் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. கார் ஓட்ட வேண்டாம் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். "மருந்தை ஒழுங்கா விடுங்கோ சேர்" என்பதோடு நிறுத்திவிட்டேன். படிப்பித்த மனிதருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து, மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில், பொழுதுபடுகிற நேரம். இடப்பக்க ஒழுங்கையால் சைக்கிளில் வந்த பெடியனை அவருடைய கார் அடித்தது. "நிலத்தில முளைச்ச மாதிரி வந்தவன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பக்கப் பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியாது. சுற்றியுள்ளதைக் கொண்டு மூளை அதை நிரப்பிவிடும். நோவும் இல்லை. பார்வை பெருமளவு போகும்வரை ஆளுக்கே தெரியாது.

வெண்புரை (கற்றரக்ற்) என்றால் ஆளுக்கே தெரியும்: எதிரே வருகிற வாகனத்தின் லைற் கண்ணுக்குள் சிதறும், றோட்டில் படுத்திருக்கும் மாடு மறைந்துவிடும். அதைச் சத்திரசிகிச்சையால் மாற்றலாம். குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம். இலகுரக வாகன அனுமதிப்பத்திரம் 8 ஆண்டுக்குச் செல்லும். அதற்கு எடுத்த மருத்துவச் சான்றிதழ் அன்றைய கண்ணுக்குத்தான். 8 ஆண்டில் ஒரு கண் எவ்வளவோ இழக்கலாம்.

விபத்துக்குப் பிறகு ஊர் இரண்டாகப் பிரிந்தது. "பெரிய மனிசன், பேசி முடிப்பம்" என்று சிலர். "கூலி வேலைக்குப் போறவன் அடிச்சிருந்தா அண்டைக்கே உள்ள போட்டிருப்பாங்கள்" என்று மற்றவர்கள். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். பெடியனின் தாய் நாட்கூலிக்குப் போகிறவ. ஆஸ்பத்திரி வாசலில் அவவிடம் முதலில் வந்தவர்கள் சமாதானம் பேசவே வந்தார்கள். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோபக்காரரும் முந்தின மாதம்வரை, கார் மதகில் உரசிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான். அதிபருக்கு யார் சொல்லுறது?

ஜப்பானிலும் இப்படி ஒரு கோபம் எழுந்தது. 2019 ஏப்ரல் 19 அன்று, டோக்கியோவின் இகெபுகுரோவில், உயர் அரச பதவியில் இருந்து ஓய்வுபெற்ற 87 வயதுக்காரர் ஓட்டிய கார் 31 வயதுத் தாயையும் அவருடைய 3 வயது மகளையும் கொன்றது. காயப்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்த அவரை உடனே கைதுசெய்யவில்லை. 'மேல்தட்டுக் குடிமகன்' என்பதால்தான் விட்டுவைத்தார்கள் என்று நாடு கொதித்தது. வாகனத்தில்தான் கோளாறு என்று அவர் வாதாடினார். பிரேக் என்று நினைத்து அக்சிலரேற்றரை மிதித்தார் என்று கண்ட நீதிமன்றம், 2021இல் 5 ஆண்டுச் சிறை விதித்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று: 2019இல் மட்டும் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் தாமாகவே லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அங்கே நகரத்தில் இருப்பவருக்கு ரயில் இருக்கிறது. எங்கள் உட்கிராமங்களில் பஸ்ஸை நம்பி ஒரு வேலைக்கும் போக ஏலாது. திறப்பைப் பறித்தால் கிளினிக், கோயில், வயல் எல்லாமே தூரமாகிவிடும். அதனால்தான் எல்லாரிடமும் ஒரேயடியாக 'ஓட்டாதேங்கோ' என்று நான் சொல்வதில்லை. சிலருக்கு இரவோட்டத்தை விட்டால் போதும். சிலருக்குப் புரை எடுத்தால் போதும். அதிபரைப் போன்றவர்களுக்கு மட்டும், பெட்டியில் இருந்து பார்வைப்புலச் சோதனைத் தாளை எடுத்து, தெரியாத பகுதியைக் காட்டிச் சொல்கிறேன்.

கனடாவில், லண்டனில் இருக்கும் பிள்ளைகளே, போனில் அப்பாவோடு வயதைச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள். ஒருநாள் கண் கிளினிக்குக்கு அனுப்பிவையுங்கள். ஓட்டலாமா கூடாதா என்று அவர் முகத்துக்கு நேரே நான் சொல்கிறேன். குளுக்கோமா குடும்பத்தில் வரக்கூடிய வருத்தம். உங்களுக்கும் நாற்பது ஆகிவிட்டதென்றால், உங்கள் கண்ணையும் காட்டுங்கள்.