ரெஸ்பான்ஸ் ரேட்: பொருளும் வேரும் தமிழும்

வேளாண் கல்வி, வேளாண் விரிவாக்கத் துறைகளில் அளவாய்வு (சர்வே) செய்து எழுதும் கட்டுரைகளில் 'ரெஸ்பான்ஸ் ரேட் இத்தனை சதவீதம்' என்று ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம். கேள்வித்தாள் யாருக்கெல்லாம் போனதோ அவர்களில் எத்தனை பேர் நிரப்பித் தந்தார்கள் என்பதுதான் அது. எதை எதால் வகுப்பது என்பதில்தான் கோளாறு வருகிறது. 300 வேளாண் ஆசிரியர்களுக்கு அனுப்பினோம், அதில் 20 பேர் ஏற்கனவே ஓய்வு பெற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஆய்வுக்கு உரியவர்களே அல்ல, கழித்துவிடலாம். மீதி 280இல் 168 பேர் தந்தால் 60 சதவீதம். ஆனால் உறையைப் பிரித்தே பார்க்காதவரையும் 'நேரமில்லை' என்றவரையும் கழிக்கவே கூடாது.

ரெஸ்பான்ஸ் லத்தீனிலிருந்து வந்தது. 'ஸ்பாண்டேரே' என்றால் வாக்குக் கொடுப்பது, முன்னால் உள்ள 'ரே' என்றால் திரும்ப. ஸ்பான்சர் என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'துலங்கல்' என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. பள்ளிப் பாடநூலில் தூண்டலுக்கு எதிரில் வருவது துலங்கல். வெளிச்சம் பட்டுச் செடி வளைவதற்குப் பொருந்தும், ஒருவர் யோசித்து, மனம் வந்து எழுதித் தருவதற்குப் பொருந்தாது. 'விடை' நல்ல பழைய சொல், கேள்விக்கு எதிர்க்கேள்வி கேட்பதைக்கூட நன்னூல் எட்டு வகை விடைகளில் ஒன்றாகச் சேர்க்கிறது, ஆனால் இன்றைக்கு விடை என்றாலே சரியா தவறா என்று மதிப்பெண் போடும் நினைப்பு வந்துவிடுகிறது. 'பதில்' அரபு வழி வந்தது, மாற்று என்பதே அதன் மூலப்பொருள், 'அவருக்குப் பதிலாக இவர்' என்கிறோமே அதுதான். பேச்சு வழக்கில் 'பதில் வீதம்' என்றாலே போதும். ஆய்வேட்டில் மட்டும் கவனம் தேவை, ஏனென்றால் தராதவருக்குப் பதிலாக வேறொருவரைச் சேர்ப்பதும் அளவாய்வில் உண்டு, இரண்டும் குழம்பிவிடும். ஆகவே என் தேர்வு மறுமொழி வீதம். விகிதம் வேண்டாம், அது 3:2 என்பது போல இரண்டு அளவுகளை ஒப்பிடுவதற்கு இருக்கட்டும்.

இதன் மறுபக்கம் மறுமொழியின்மை, அதாவது கேள்வித்தாளை நிரப்பித் தராமலே விடுவது. உண்மையில் இதுதான் முக்கியம். தந்தவர்களும் தராதவர்களும் ஒரே மாதிரியானவர்கள் என்றால் மறுமொழி வீதம் 40 சதவீதமாக இருந்தால்கூடப் பெரிய கேடு வராது. வேலைப்பளு அதிகமுள்ள ஆசிரியர்கள்தான் தரவில்லை, ஆய்வும் வேலைப்பளுவைப் பற்றியது என்றால் 70 சதவீதமும் ஏமாற்றிவிடும். அமெரிக்காவில் லிண்ட்னர், மர்ஃபி, பிரையர்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990 முதல் 1999 வரை அங்குள்ள வேளாண் கல்வி ஆய்விதழில் வந்த 364 கட்டுரைகளை எடுத்துப் பார்த்து 2001இல் எழுதினார்கள்: மறுமொழியின்மையால் வரும் பிழையைப் பற்றிப் பேசாமலே விடுவதுதான் வழக்கமாக இருந்தது. அவர்கள் பரிந்துரைத்த வழிகளில் இரண்டு மிக எளியவை. நினைவூட்டலுக்குப் பிறகு தாமதமாகத் தந்தவர்களை முதலிலேயே தந்தவர்களோடு ஒப்பிடலாம், தாமதக்காரர்கள் தராதவர்களை ஒத்திருப்பார்கள் என்ற எண்ணத்தில். இல்லையென்றால் தராதவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் பக்கம் விவசாயிகளிடம் நேரில் போய் உட்கார்ந்து கேட்கும் வழக்கம் இருப்பதால் மறுமொழி வீதம் என்ற சொல்லுக்கு அவ்வளவாக வேலை இருக்கவில்லை. இப்போது கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுகிறார்கள். அது எத்தனை பேருக்குப் போனது என்றே தெரியாது, அப்புறம் எதால் வகுப்பது? அங்கே மறுமொழி வீதம் என்று ஒன்று கிடையாது. வந்த எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டு, இணைப்பை எந்தெந்தக் குழுக்களில் போட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.