கைக்கடிகாரம் ஏன் முந்தியது?

சித்தப்பாவின் முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு இறங்கியிருந்தோம். அவரைக் கைத்தாங்கலாகப் படுக்கையில் ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். என் கையில் சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் இருந்ததை யாருமே கவனிக்கவில்லை. திரும்பும் பஸ் வத்தலக்குண்டைத் தாண்டுவதற்குள் அது பத்து நிமிடம் முந்தியிருந்தது.

நான் உள்ளே இருந்தபோது ஸ்கேன் இயந்திரம் ஓடவே தொடங்கவில்லையே என்று குழம்பினேன். ஸ்கேனின்போது கேட்கும் தடதடச் சத்தம் வேறு, இயந்திரத்துக்குள் இருக்கும் பெரிய காந்தம் வேறு. மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில், திரவ ஹீலியத்தில் கிடக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் தடையின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆளில்லாத நள்ளிரவிலும் அந்தக் காந்தம் விழித்தே இருக்கும்.

1899-இல் தொடங்கிய எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தில் பூமியின் காந்தப்புலத்தையும் அளந்திருக்கிறார்கள். இந்த மலையில் அது சுமார் 0.4 காஸ் (காந்தப்புலத்தின் வலிமையைச் சொல்லும் அலகு). பரவலாகப் புழங்கும் 1.5 டெஸ்லா ஸ்கேன் காந்தமோ, அதே அலகில் சொன்னால், 15,000 காஸ்.

ஏழு ரோட்டருகே கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் மூடியைத் திறக்கவே இல்லை. திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தார், முள் துள்ளியது. "தம்பி, காந்தம் ஏறியிருக்கிறது" என்றார். உள்ளே, நேரத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுவது தலைமுடி போன்ற ஹேர்ஸ்பிரிங். காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஸ்பிரிங்கின் நீளம் குறைந்ததுபோல் ஆகிறது. ஊஞ்சல் கயிற்றைச் சுருக்கிக் கட்டினால் ஆட்டம் வேகமாவதைப் போல, சக்கரம் விரைந்து ஆடுகிறது. மாறுதிசை மின்சாரம் ஓடும் சுருளின்மேல் கடிகாரத்தைக் காட்டி, மெல்ல விலக்கி எடுத்தார். தன் திசையை மாற்றி மாற்றித் தேயும் புலத்தில் ஏறிய காந்தம் கரைந்துபோனது.

பேட்டரிக் கடிகாரம் தப்பித்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதன் முட்களை நகர்த்தும் குட்டி மோட்டாருக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. பெரிய காந்தம் அதைப் பிடித்து நிறுத்திவிடும், நிரந்தரமாகக் கெடுக்கவும் கூடும்.

காந்தத்தைத் தாங்கும் என்று முத்திரையிட்டவை? அத்தகைய கடிகாரங்களுக்கான பொதுவான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 764 காப்பது ஏறத்தாழ 60 காஸ் வரைதான். 15,000 காஸைத் தாங்கும் கடிகாரத்தை ஒமேகா என்ற கடிகார நிறுவனம் 2013-இல் அறிவித்தது உண்மை. ஆனால் கடிகாரம் பிழைப்பது மட்டுமா கணக்கு? இரும்பு கலந்த பொருள் கையிலிருந்து பிடுங்கப்பட்டு, படுத்திருப்பவர்மேல் பாயலாம். ஸ்கேன் ஓடும்போது வரும் ரேடியோ அலைகளால் உலோகப் பட்டை சூடேறித் தோலைச் சுடலாம். பொருள் பாயும் ஆபத்து நோயாளியால் மட்டுமல்ல, கைகொடுக்கப் போகும் நம்மாலும் நேரக்கூடியது.

சித்தப்பாவின் இரண்டாவது ஸ்கேனுக்குப் போனபோது கடிகாரம், சாவிக்கொத்து, கைப்பேசி மூன்றையும் சித்தியின் மடியில் வைத்துவிட்டுத்தான் அந்தக் கதவை நெருங்கினேன்.