வன்னியில் மலை இல்லை, சரி. பள்ளத்தாக்கும் இல்லை என்று யார் சொன்னது?

இந்த மாரியிலும் தொலைபேசி ஓயவில்லை. "சேர், நீங்கள் அளந்து தந்த காணிக்குள்ள முழங்காலளவு தண்ணி." எல்லைக்கல் போட்டுக் கொடுப்பதுதான் நில அளவையாளரின் வேலை. வீட்டை எங்கே கட்டுவது என்று அப்போது என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை. நானாகவே "இது பள்ளக்காணி, யோசித்து வாங்குங்கள்" என்றால், "வன்னியில எங்க சேர் மலையும் பள்ளத்தாக்கும்? எல்லாம் சமதரைதானே" என்று சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்கு எரிச்சல். நுவரெலியா பஸ்ஸில் யன்னலால் எட்டிப் பார்த்துத் தலைசுற்றினால்தான் பள்ளத்தாக்கு என்று பலருக்கும் மனதில் பதிந்துவிட்டது. நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2,524 மீற்றர், வவுனியா ஏறத்தாழ 100 மீற்றர். ஆகவே இங்கே மலை இல்லை என்பது உண்மைதான். மலைக்கு உயரம் வேண்டும், சுற்றியுள்ள நிலத்தைவிட நன்றாக எழும்பி நிற்க வேண்டும். பள்ளத்தாக்குக்கு அப்படி ஆழக் கணக்கு ஏதும் கிடையாது. இரு பக்க நிலமும் உள்நோக்கிச் சரிந்து, ஒரு முனை உயர்ந்து மறுமுனை தாழ்ந்து நீளமாகக் கிடந்தால் அது பள்ளத்தாக்கு. மேட்டில் விழும் மழை பல பக்கமும் பிரிந்து ஓடும், பள்ளத்தாக்கில் பல பக்கத்திலிருந்தும் வந்து சேரும். அதைக் குழி என்றும் நினைக்காதீர்கள். குழிக்கு வெளியேற வழி இல்லை, பள்ளத்தாக்குக்குக் கீழ்முனையில் வழி உண்டு. நீங்கள் மதில் எழுப்புவது அந்த வழியில்தான்!

வருடம் முழுக்க ஆறு ஓட வேண்டும் என்றும் இல்லை. கனகராயன் ஆறு வடக்கே இறங்கி இரணைமடுவுக்கு வருகிறது, பாலியாறும் பறங்கியாறும் மேற்கே போகின்றன. எல்லாம் சமதரை என்றால் இவை எப்படித் திசை பிரிந்தன? எங்கள் குளங்கள் பெரும்பாலும் இந்த ஆழமில்லாப் பள்ளத்தாக்குகளை மறித்துக் கட்டியவை. மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் தண்ணீர் கீழ்க்குளத்துக்குத்தான் போகும். இரண்டுக்கும் இடையில் காய்ந்து கிடக்கும் துண்டு ஆடி மாதத்தில் பார்க்க அருமையான வீட்டுக்காணி.

அண்மையில் ஒரு காணியில் றோட்டுக் கரையில் அளவுகோலை நிறுத்தி மட்டக்கருவியால் பார்த்தோம், 1.12 மீற்றர். பின்வேலியில் 1.54. அளவுகோலில் எண் கூடினால் நிலம் இறங்குகிறது என்று அர்த்தம். 42 சென்ரிமீற்றர் இறக்கம், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பின்வேலியை ஒட்டி மருத மரங்கள் வரிசையாக நின்றன. மேட்டில் பாலையும் வீரையும் நிற்கும், மருது தண்ணீர்க் கரையைத் தேடும் மரம். காணிக்காரர் அந்த மரங்களைக் காட்டி "நல்ல நிழல் சேர்" என்றார்.

சரி, கிரவல் கொட்டி உயர்த்தினால் என்ன? ஒரு ஏக்கரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர். மேலே கிடக்கும் ஏக்கர்களில் ஊறியது போக மிச்சமெல்லாம் உங்கள் பக்கம்தான் வரும். உங்கள் கிரவல் அதைப் பக்கத்துக் காணிக்குத் தள்ளிவிடும், அப்புறம் வேலிச் சண்டை. 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்டதை இவ்வளவு கெதியாக மறந்துவிட்டோமா?

காணியைக் கோடையில் மட்டும் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் ஒருதரம் போய் நில்லுங்கள். பக்கத்து வயல்காரரையும் கமக்கார அமைப்பையும் கேளுங்கள், எந்தக் குளத்து வான் தண்ணீர் எந்தப் பக்கத்தால் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். சமவுயரக் கோட்டுப் படம் (ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் படம்) கிடைத்தால், கோடு உயர்ந்த பக்கம் நோக்கி மூக்கு நீட்டும் இடம் பள்ளத்தாக்கு, தாழ்ந்த பக்கம் நீட்டினால் மேடு. எல்லை அளக்கும்போதே மட்டமும், அதாவது நிலத்தின் ஏற்ற இறக்கமும், பார்க்கச் சொல்லுங்கள், அத்திவாரச் செலவோடு பார்த்தால் அது பெரிய காசில்லை. மதகையும் வாய்க்காலையும் தயவுசெய்து அடைக்காதீர்கள். வயற்காணி என்றால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி நிரப்புவது குற்றம். டிப்பருக்குச் சொல்வதற்கு முன் கமநல சேவை நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.